மரத்தின் சுற்றளவிலிருந்து கார்பன் கணக்கு வரை: கடலூர், புதுச்சேரியில் முதன்முறை அளக்கப் போகிறவர்களுக்கு

மரத்தை வெட்டாமல், வேரைத் தோண்டாமல், அதற்குள் எத்தனை கிலோ கார்பன் இருக்கிறது என்று கணக்கிடலாம். அதற்கு மூன்று எண்கள் போதும்: அடிமரத்தின் சுற்றளவு, மரத்தின் உயரம், கட்டையின் அடர்த்தி. கல்லூரித் திட்டப்பணிக்காக அளப்பவர்கள், ஊராட்சிக்கு மரக் கணக்கு எடுப்பவர்கள், தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் எல்லாருக்கும் இதே வழிதான்.

மூன்றில் சுற்றளவுக்குத்தான் கனம் அதிகம். கணக்கில் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்குகிறோம். அதனால் உயரத்தில் பத்து விழுக்காடு பிசகினால் விடையும் ஏறக்குறைய பத்து விழுக்காடுதான் பிசகும். சுற்றளவில் அதே பிசகு வந்தால் விடையில் இருபது விழுக்காடு போய்விடும்.

ஒரு எடுத்துக்காட்டு. 63 செ.மீ. சுற்றளவும் 8 மீட்டர் உயரமும் உள்ள வேம்பு, தரைக்கு மேல் சுமார் 124 கிலோ உலர் எடை (ஈரம் முழுக்க நீங்கிய எடை, இதில் ஏறக்குறைய பாதி கார்பன்) கொண்டிருக்கும். 126 செ.மீ. சுற்றளவும் 12 மீட்டர் உயரமும் உள்ள வேம்பு சுமார் 714 கிலோ. சுற்றளவு இரட்டிப்பாகி, உயரம் ஒன்றரை மடங்கானதும் எடை ஏறக்குறைய ஆறு மடங்காகிவிட்டது. ஒரு தோப்பில் நாலைந்து பெரிய மரங்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒழுங்காக அளந்தாலும் கணக்கு தேறாமல் போவது இதனால்தான்.

1. எதற்காக அளக்கிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

ஒரே ஒரு மரமா, ஒரு தோப்பு முழுவதுமா, இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் கூடியது எவ்வளவு என்பதா? மூன்றுக்கும் வேலை வேறு. தனி மரம் என்றால் ஒரு காலைப்பொழுது போதும். தோப்பு என்றால் திட்டு போட வேண்டும், அதாவது குறிப்பிட்ட அளவுள்ள சதுரங்களைக் கயிறு கட்டிப் பிரித்து, அவற்றுக்குள் நிற்கும் மரங்களை மட்டும் அளக்க வேண்டும். கூடுதலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, நாடா வைத்த இடத்தைக் குறித்து, அடுத்த முறையும் அதே கோட்டில் அளக்க வேண்டும். முதல் நாளில் இதை முடிவு செய்யாதவர்கள் இரண்டாம் ஆண்டில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க நேரிடும்.

2. அனுமதியும் தாள்களும்

பட்டா நிலத்துத் தோப்பு என்றால் உரிமையாளரின் ஒப்புதல் போதும். வாயால் கேட்டாலும், தேதி போட்டு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முந்திரிக் காய்ப்பு காலத்தில் தோப்புக்குள் அந்நியர் நடமாடுவதை யாரும் விரும்புவதில்லை.

கோயில்காடுகளில், அதாவது புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு, கடலூர் மாவட்டத்தில் திருமாணிக்குழியை ஒட்டிய காடு போன்றவற்றில், கோயில் நிர்வாகம், ஊர்ப் பெரியவர்கள் இருதரப்பிடமும் கேட்க வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். ஆணி அடிப்பது, கிளை ஒடிப்பது, பெயின்ட் பூசுவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேளுங்கள். பெரும்பாலும் மூன்றுக்கும் மறுப்புதான் வரும். அதை ஏற்றுக்கொண்டு, மரம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு வேலையை முடிக்கலாம்.

பிச்சாவரம் காப்புக்காடு. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே போய் அளக்கக்கூடாது. சுற்றுலாப் படகுச் சீட்டு ஆய்வு அனுமதி ஆகாது. விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம், குழுவில் வரும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல், அளக்கப் போகும் இடங்கள் குறித்த வரைபடம், தேதிகள், செய்யப் போகும் வேலையின் விவரம். இந்தக் கடைசிப் பகுதியில்தான் பல விண்ணப்பங்கள் கேள்விக்குள்ளாகும். ‘மரங்களை ஆய்வு செய்தல்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘நாடாவால் சுற்றளவு அளத்தல் மட்டும், வெட்டுதல், துளையிடுதல், மாதிரி எடுத்தல் இல்லை’ என்று தெளிவாக எழுதுங்கள். மண் மாதிரியோ இலை மாதிரியோ எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சேருங்கள். பிறகு சேர்ப்பது புது விண்ணப்பம் போடுவதற்குச் சமம். கடலூர் மாவட்ட வன அலுவலகத்தில் எங்கே, யாருக்கு முகவரியிட வேண்டும் என்று நேரில் கேட்டுவிட்டு எழுதுவது நாட்களை மிச்சப்படுத்தும். புதுச்சேரி எல்லைக்குள் என்றால் அங்குள்ள வனம் மற்றும் வன உயிரினத் துறை. ஊசுட்டேரியைச் சுற்றி அளப்பவர்கள் கவனியுங்கள்: ஏரி இரண்டு அரசுகளின் எல்லையிலும் கிடக்கிறது, அது பறவைகள் சரணாலயமும்கூட. நீங்கள் நிற்கும் கரை யாருடையது என்று முதலில் பாருங்கள்.

3. கருவிகளும் செலவும்

சுற்றளவுக்கு நீளாத நாடா. தையற்கடைத் துணி நாடா ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் பழையது இழுபட்டு நீண்டிருக்கும். இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். கண்ணாடியிழை நாடா வாங்குவது மேல். 30 மீட்டர் நாடா ஒன்று திட்டு போடவும் பெரிய மரங்களைச் சுற்றவும் போதும். சில நூறு ரூபாய் ஆகும்.

உயரத்துக்குச் சாய்வுமானி, அதாவது மர உச்சி எத்தனை பாகையில் தெரிகிறது என்று காட்டும் கருவி. பாகைமானி, நூல், ஒரு கனமான நட்டு, ஒரு குழாய்த்துண்டு இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். லேசர் தூரமானி ஆயிரக்கணக்கில் விலை. தனி மரங்கள் இருக்கும் தோப்புக்கு நல்லது, அடர்ந்த காட்டில் முன்னால் நிற்கும் இலையிலேயே கதிர் பட்டுத் திரும்பிவிடும்.

இவை தவிர 1.3 மீட்டருக்குத் துல்லியமாக வெட்டிய ஒரு கம்பு, சுண்ணக்கட்டி, கயிறு, நான்கு முளைக்குச்சி, பென்சில். பேனா வேண்டாம், வியர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் மை கரையும். பெரிய செலவு கருவியில் இல்லை, ஆள்கூலியிலும் போக்குவரத்திலும்தான். பிச்சாவரத்தில் படகுக்கும் துடுப்பு போடுபவருக்கும் தனியாக ஒதுக்குங்கள்.

4. எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும். ஜனவரி முதல் மார்ச் வரை அளப்பதற்கு ஏற்ற காலம். மழையில் நனைந்த பட்டை உப்பும், கோடையில் சுருங்கும். மறு அளவு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஆண்டுதோறும் அதே மாதத்தில் போங்கள்.

உயரத்தைக் காலையிலேயே முடியுங்கள். கடற்காற்று ஏறியபின் உச்சிக்கிளை ஆடும், கோணம் நிற்காது. சுற்றளவை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். முந்திரி, மா தோப்புகளில் முயிறு எறும்பு கூடு கட்டியிருக்கும் மரங்களை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

5. திட்டு போடுதல்

தோப்பு சிறியது, மரம் நூறுக்குள் என்றால் திட்டே வேண்டாம், எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம் வசதி. அது 400 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் 25இல் ஒரு பங்கு. நான்கு பக்கமும் 20 என்று இழுத்துவிட்டால் சதுரமாகிவிடாது, சாய்சதுரமாகவும் நிற்கும். மூலைவிட்டம் இரண்டும் 28.28 மீட்டர் வருகிறதா என்று பாருங்கள். பெரிய மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் இடத்தில் 31.62 மீட்டர் பக்கமுள்ள சதுரம் போடுங்கள். அது சரியாக 0.1 ஹெக்டேர்.

இடத்தை வரைபடத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். காட்டுக்குள் போய் நின்று ‘இங்கே நல்லா இருக்கு’ என்று கயிறு கட்டுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். கண் தானாகப் பெரிய மரத்தைத் தேடிப் போகும். சிறு திட்டில் மூன்று டன் மரம் ஒன்று அகப்பட்டாலே, ஹெக்டேருக்கு மாற்றும்போது அது 75 டன் ஆகிவிடும்.

எல்லைக்கோட்டில் நிற்கும் மரத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வடக்கு, கிழக்குக் கோடுகளில் நிற்பவை உள்ளே, தெற்கு, மேற்குக் கோடுகளில் நிற்பவை வெளியே. மரத்தைப் பார்த்துவிட்டு விதியை மாற்றக்கூடாது.

எவ்வளவு சிறிய மரம் வரை அளப்பது? சாலையோர மரங்களுக்கும் தோப்புகளுக்கும் 30 செ.மீ. சுற்றளவு போதும். காசா, வீரை, கருங்காலி எல்லாம் நெருக்கி வளரும் நம் பக்கத்து உலர் பசுமைமாறாக் காடுகளில் மெலிந்த தண்டுகள் மிக அதிகம். அங்கே 16 செ.மீ. வரை இறங்குங்கள். அது 5 செ.மீ. விட்டம், கீழே வரும் வாய்பாடும் அந்த அளவிலிருந்துதான் செல்லும். இப்படிப்பட்ட காட்டில் ஒரு திட்டுக்கு மூன்று பேர் சேர்ந்து அரை நாளாவது ஒதுக்குங்கள்.

6. சுற்றளவு அளத்தல்

இந்தப் படியில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றுங்கள். வனத்துறையின் பழைய பதிவுகள் பலவும் நாலரை அடியில், அதாவது 1.37 மீட்டரில் எடுத்தவை. இரண்டில் எதை எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, கடைசி வரை அதிலேயே நில்லுங்கள். கம்பை மரத்தடியில் ஊன்றும்போது சருகையும் புற்றுமண்ணையும் ஒதுக்கிவிட்டு உண்மையான தரையில் ஊன்றுங்கள்.

நாடா தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், தரைக்கு இணையாக அல்ல. சாய்ந்த மரத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பின்பக்கம் நாடா கீழே சரிந்திருக்கிறதா என்று இன்னொருவர் சுற்றிவந்து பார்க்கட்டும். சரிந்த நாடா எப்போதும் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அளப்பவர் எண்ணைச் சொல்ல, எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

ஒழுங்கான மரம் பாதிதான் இருக்கும். மீதிக்கு:

கொடி சுற்றிய மரம். கோயில்காடுகளில் இது வழக்கம். நாடாவைக் கொடிக்கு அடியில் நுழைத்து இழுங்கள். கொடியோடு சேர்த்துச் சுற்றினால் இல்லாத கட்டையை எடை போட்டதாகும். கொடியை வெட்டாதீர்கள்.

கவை பிரிந்த மரம். 1.3 மீட்டருக்குக் கீழே பிரிந்தால் ஒவ்வொரு தண்டும் தனி மரம். மேலே பிரிந்தால் ஒரே மரம். சரியாக அந்த உயரத்திலேயே பிரிந்து வீங்கியிருந்தால், வீக்கத்துக்குக் கீழே அளந்து, எந்த உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முந்திரியும் சீமைக் கருவேலமும். இரண்டும் தரையை ஒட்டியே பல தண்டாகப் பிரியும். எல்லாத் தண்டையும் தனித்தனியே அளங்கள். ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டுமென்றால் சுற்றளவுகளைக் கூட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 60 செ.மீ. தண்டு இரண்டு இருந்தால் விடை 120 அல்ல, 85. 120 என்று போட்டால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். மிகவும் தாழப் பிரியும் சீமைக் கருவேலத்துக்கு 30 செ.மீ. உயரத்தில் அளப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணை 1.3 மீட்டருக்கான வாய்பாட்டில் போடக்கூடாது.

பலகைவேர் உள்ள இலவம் போன்ற மரங்கள். வேர்ப்பலகை முடியும் இடத்துக்கு 30 செ.மீ. மேலே அளங்கள். ஏணி தேவைப்பட்டால் ஏணி கொண்டுபோங்கள். கீழேயே அளந்துவிட்டுக் குத்துமதிப்பாகக் கழிக்காதீர்கள்.

பொந்து விழுந்த புளி. வெளிச் சுற்றளவு பெரிதாக இருக்கும், உள்ளே கட்டை இருக்காது. அளந்துவிட்டு ‘பொந்து’ என்று குறியுங்கள். இந்த மரங்களின் கணக்கைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

பனையும் தென்னையும். இவற்றின் தண்டு வயதோடு பருப்பதில்லை, உயரம்தான் கூடும். எனவே சுற்றளவை வைத்த மர வாய்பாடு எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. தனிப் பட்டியலில் உயரத்தோடு எழுதிவையுங்கள். நூறு பனை நிற்கும் வரப்பை வேம்பு வாய்பாட்டில் போட்டு டன் கணக்கு காட்டும் அறிக்கையை நம்பாதீர்கள்.

மறு அளவுக்கு அடையாளம் வைப்பதாக இருந்தால், நாடா வைத்த கோட்டில் மெல்லிய பெயின்ட் கோடு போதும். எண் தகட்டு ஆணியை அந்தக் கோட்டிலேயே அடித்தால் ஆணியைச் சுற்றிப் பட்டை வீங்கி அடுத்த அளவு கெடும். ஆணி கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும்.

7. உயரம் அளத்தல்

மரத்தின் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் போய் நில்லுங்கள். உச்சிக்கு உள்ள கோணத்தையும் அடிக்கு உள்ள கோணத்தையும் எடுங்கள். இரண்டின் டேன்ஜென்ட் மதிப்புகளையும் கூட்டி, தூரத்தால் பெருக்கினால் உயரம். 15 மீட்டர் தள்ளி நின்று, உச்சி மேலே 32 பாகை, அடி கீழே 6 பாகை என்றால்: 0.625 + 0.105 = 0.73, 15 × 0.73 = ஏறத்தாழ 11 மீட்டர்.

கணக்கு வேண்டாம் என்றால் உச்சி 45 பாகையில் தெரியும் இடம் வரை நடந்து போங்கள். சமதரையில், மரத்திலிருந்து நீங்கள் நிற்கும் தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் அதுவே மர உயரம்.

குடை விரித்த தூங்குமூஞ்சி, மா போன்ற மரங்களில் மிக அருகில் நின்று பார்த்தால், நம் பக்கம் நீண்ட கிளையின் நுனி உச்சியாகத் தெரியும். அப்படி எடுத்த உயரம் நிஜத்தைவிடக் கூடுதலாக வரும். இன்னொன்று: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியபோது தலை முறிந்து, பிறகு பக்கவாட்டில் தழைத்த பலாவும் முந்திரியும் இன்னும் நிற்கின்றன. அடிமரம் பருமன், உயரம் குட்டை. ‘இவ்வளவு பருத்த மரம் இத்தனை உயரம் இருக்கும்’ என்று எண்ணி எழுதாமல் இன்றைய உயரத்தையே எழுதுங்கள். ஆட்டுக்குத் தழை ஒடித்த வேம்புக்கும் இதே விதி.

8. அடர்த்தி

இங்கே வேண்டியது பச்சை மரத்தின் ஒரு கன சென்டிமீட்டர் கட்டை, அடுப்பில் முழுக்க உலர்ந்தபின் எத்தனை கிராம் என்பது. மரக்கடையில் சொல்லும் எடை காற்றில் உலர்ந்த கட்டையின் எடை. அதில் ஈரம் மிச்சமிருக்கும். பன்னிரண்டு விழுக்காடு ஈரத்தில் சொல்லப்பட்ட அடர்த்தி கிடைத்தால் அதை 0.83ஆல் பெருக்கிப் பயன்படுத்துங்கள்.

வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகள்: சவுக்கு 0.81, புளி 0.75, வேம்பு 0.69, மா 0.52, தேக்கு 0.50 முதல் 0.55, தூங்குமூஞ்சி 0.45. உலகளாவிய மர அடர்த்தித் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தாவரவியல் பெயரை வைத்துத்தான் தேட முடியும். ஆகவே மரம் எது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். தூங்குமூஞ்சிக்கு வேம்பின் அடர்த்தியைப் போட்டால் எடை ஒன்றரை மடங்காகிவிடும். கோயில்காட்டு மரங்களில் தடுமாற்றம் இருந்தால் இலையும் பூவும் காயும் தெரியப் படம் எடுத்துக்கொண்டு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு போன்ற இடத்தில் முன்கூட்டி நேரம் கேட்டு ஒப்பிடுங்கள்.

9. கணக்கு

சுற்றளவை 3.1416ஆல் வகுத்தால் விட்டம். இந்தப் படியை மறந்து சுற்றளவையே விட்டமாகப் போடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. விடை ஒன்பது மடங்குக்கு மேல் ஊதிப்போகும். ஒரு வேம்பு ஏழு டன் என்று வந்தால் உடனே இதைத்தான் சோதிக்க வேண்டும்.

வெப்பமண்டல மரங்களுக்குப் பொதுவாகப் பயன்படும், 2014இல் வெளியான வாய்பாடு இது:

தரைக்கு மேல் உலர் எடை (கிலோ) = 0.0673 × (அடர்த்தி × விட்டம் × விட்டம் × உயரம்)-இன் 0.976 அடுக்கு

விட்டம் சென்டிமீட்டரில், உயரம் மீட்டரில். கைபேசிக் கணிப்பானைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அடுக்குப் பொத்தான் தெரியும்.

நம் பெரிய வேம்பு: சுற்றளவு 126, விட்டம் 40.1. 0.69 × 40.1 × 40.1 × 12 என்பது சுமார் 13,300. அதன் 0.976 அடுக்கு சுமார் 10,600. 0.0673ஆல் பெருக்கினால் 714 கிலோ.

வேருக்கு, உலர் வெப்பமண்டலக் காடுகளுக்கான 0.28 என்ற விகிதம் எடுத்தால் 200 கிலோ. மொத்தம் 914. இதில் கார்பன் 0.47 பங்கு, அதாவது 430 கிலோ. அதைக் கார்பன் டை ஆக்சைடாகச் சொல்ல 3.67ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 1.6 டன்.

உலர் எடை, கார்பன், கார்பன் டை ஆக்சைடு என்ற மூன்றும் மூன்று வேறு எண்கள். அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எது என்று எழுதுங்கள். ‘இந்த மரம் 900 கிலோ கார்பன்’ என்று எழுதியதை எங்கு கண்டாலும், அது உலர் எடையா என்று கேளுங்கள்.

மரக்கடைக் கன அடிக் கணக்கை இங்கே கலக்காதீர்கள். சுற்றளவில் கால்பங்கை வர்க்கப்படுத்தி நீளத்தால் பெருக்கும் அந்த முறை, உருளையின் உண்மைக் கன அளவில் 78.5 விழுக்காட்டைத்தான் காட்டும். வியாபாரத்தில் அறுப்புச் சேதாரத்துக்கு அது சரி, கார்பனுக்கு ஆகாது.

10. பிச்சாவரத்துக்குத் தனி முறை

அலையாத்தி மரங்களுக்கு மேலே சொன்ன வாய்பாட்டை எடுக்காதீர்கள். அவற்றுக்கென்றே உள்ளது: தரைக்கு மேல் எடை = 0.251 × அடர்த்தி × விட்டத்தின் 2.46 அடுக்கு. உயரம் தேவையில்லை, படகில் ஆடிக்கொண்டே சாய்வுமானி பிடிக்கும் தொல்லை மிச்சம். வேருக்கு: 0.199 × அடர்த்தியின் 0.899 அடுக்கு × விட்டத்தின் 2.22 அடுக்கு. 40 செ.மீ. சுற்றளவுள்ள சுரபுன்னைக்கு 0.8 அடர்த்தி வைத்தால் மேலே சுமார் 105 கிலோ, வேரில் சுமார் 46 கிலோ. நிலத்து மரத்தைவிட வேரின் பங்கு எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள்.

சுரபுன்னையில் 1.3 மீட்டர் விதி செல்லாது. முட்டுவேர்களில் எது மிக உயரத்தில் தண்டை விட்டுப் பிரிகிறதோ, அதற்கு 30 செ.மீ. மேலே நாடாவைச் சுற்றுங்கள். வெண்கண்டல் மரங்களைச் சுற்றி நிற்கும் மூச்சுவேர்களை மிதிக்காமல் கால் வையுங்கள்.

தில்லை மரத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும், தோலில் கொப்புளம் எழும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தில்லையை அளக்காதீர்கள். அதைச் சுற்றிய நாடாவைக் கழுவாமல் அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள்.

அலையாத்திக் காட்டில் கார்பனின் பெரும்பகுதி மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. மரத்தை மட்டும் அளந்துவிட்டு ‘பிச்சாவரத்தின் கார்பன்’ என்று தலைப்பு வைப்பது பிழை. ‘மரங்களில் உள்ள கார்பன்’ என்று வையுங்கள்.

11. சவுக்குத் தோப்பு: எடைமேடைச் சீட்டை விடாதீர்கள்

கடற்கரையோரச் சவுக்கு சில ஆண்டுகளில் வெட்டப்பட்டு டன் கணக்கில் விற்கப்படுகிறது. வாய்பாடு சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. வெட்டுவதற்கு முதல் நாள் நூறு மரங்களின் சுற்றளவையும் உயரத்தையும் எடுங்கள். வெட்டியபின் அந்த நூறையும் தனியாக ஏற்றி எடைமேடைச் சீட்டு வாங்குங்கள். வெட்டிய அன்றே அடி, நடு, நுனி மூன்றிலிருந்தும் வட்டத் துண்டுகள் அறுத்து, அங்கேயே எடை போட்டு, ஆய்வகத்தில் 105 பாகை செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். 500 கிராம் துண்டு 280 கிராமாக வந்தால், லாரி எடையை 0.56ஆல் பெருக்குங்கள். கழித்துவிட்ட கிளைக்கும் மிளாருக்கும் தனி எடை வேண்டும். லாரியில் ஏறுவது தண்டு மட்டுமே.

25 செ.மீ. சுற்றளவும் 10 மீட்டர் உயரமும் உள்ள சவுக்குக்கு வாய்பாடு சுமார் 30 கிலோ சொல்லும். உங்கள் தோப்பின் நிஜம் இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது தெரிந்தால், அடுத்த தோப்பை வெட்டாமலே திருத்திக்கொள்ளலாம்.

12. ஹெக்டேருக்கு மாற்றுதல்

20 மீட்டர் திட்டின் மொத்தத்தை 25ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு. ஒரு திட்டை வைத்து இதைச் செய்யாதீர்கள். பல திட்டுகளின் சராசரியை எடுத்து, திட்டுக்குத் திட்டு எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். மிகப் பெரிய ஐந்து மரங்கள் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று ஒரு வரி எழுதுங்கள். உலகின் பல பகுதிகளில் உள்ள 48 பெரிய காட்டுத் திட்டுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில், மிகப் பெரிய ஒரு விழுக்காடு மரங்கள் மட்டுமே தரைக்கு மேலுள்ள எடையில் ஏறக்குறைய பாதியைத் தாங்கியிருந்தன. மெலிந்த தண்டுகள் மிகுந்த நம் கோயில்காடுகளில் அந்த அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் உங்கள் திட்டின் எண்ணை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

13. மறு அளவும், கார்பன் வரவு பற்றிய பேச்சும்

இரண்டு ஆண்டு கழித்து இரு வேம்புகளும் 3 செ.மீ. பருத்திருந்தால், உயரம் மாறாவிட்டாலும், பெரியது சுமார் 34 கிலோ கூடியிருக்கும், சிறியது சுமார் 12 கிலோ. பெரிய மரம் வளர்ந்து முடிந்துவிட்டது, இனி எதையும் சேர்க்காது என்று சொல்லி வெட்டச் சொல்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள். பெரிய வேம்பில் நாடா ஒரு சென்டிமீட்டர் தவறினாலே 11 கிலோ போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். அது அந்த இரண்டு ஆண்டு வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு. பெயின்ட் கோடு இதற்காகத்தான்.

தோப்புக்காரர்களிடம் ‘உங்கள் மரத்துக்கு இத்தனை கார்பன் வரவு கிடைக்கும்’ என்று வருபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வரவு (carbon credit) என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கான, விற்கக்கூடிய சான்று. முதல் கேள்வி: நீங்கள் சொல்லும் எண் இன்று நிற்கும் மொத்தமா, திட்டத்தால் கூடப் போவதா? கூடுதலுக்குத்தான் வரவு, நிற்பதற்கு அல்ல. இரண்டாவது: சில ஆண்டுகளில் வெட்டும் சவுக்குக்கு வெட்டும் நாளின் எடையைப் போட்டீர்களா, நடவு முதல் வெட்டு வரையிலான சராசரியைப் போட்டீர்களா? மூன்றாவது: சரிபார்ப்புச் செலவு யாருடையது, மரம் புயலில் விழுந்தால் பொறுப்பு யாருடையது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை பட்டா நகலையும் ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள்.